விடுதலைக்குப் பிறகு வரும் ஓராண்டு

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். எட்டுப் பக்கங்களில் நீங்கள் எழுதியதை முழுவதுமாக இங்கே வெளியிட இயலாது. மற்ற வாசகர்களுக்கு விளங்க வேண்டிய அளவுக்கு மட்டும், ஊரும் பெயரும் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கும்பகோணத்துக்குத் தென்கிழக்கே, திருவாரூர் மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் உங்கள் ஊர். 2013-ஆம் ஆண்டு சம்பா நடவுக் காலத்தில், டிராக்டர் ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த உங்கள் தம்பி ஒரு கொலை வழக்கில் கைது செய்யப்பட்டார். அமர்வு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது; உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது; நான்கு மாதங்களுக்கு முன்பு உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இடையில் ஜாமீனில் இருந்த சில மாதங்கள் நீங்கலாக அவருடைய காலம் திருச்சி மத்திய சிறையில் கழிந்தது. இப்போது அவர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. ஆறு மணிக்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுகிறார். கொல்லைப்புறம் போவதற்குக்கூட உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுகிறார். ஊரில் சிலர், "சந்தேகத்தின் பலனில்தானே விட்டார்கள்?" என்கிறார்கள், இன்னும் சிலர், அண்ணா பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டவர்களில் ஒருவர் என்று நினைக்கிறார்கள். அரசாங்கத்தின் மீது ஒரு கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட வேண்டும் என்பது அண்ணனின் பேச்சு. திருப்பூருக்கு அனுப்பிவிடலாம் என்பது அம்மாவின் யோசனை. தம்பியோ தன்னைப் பற்றி எதுவும் பேசாமல், சிறையில் தன்னோடு ஒரே கட்டடத் தொகுதியில் இருந்த இன்னொரு சிறைவாசியைப் பற்றி மட்டுமே பேசுகிறார். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஊர்ப்பேச்சு. நம் குற்றவியல் சட்டத்தில் குற்றவாளி, குற்றவாளி அல்ல என்ற இரண்டு முடிவுகள்தாம் உண்டு. 'சந்தேகத்தின் பலன்' என்பது நடுவில் நிற்கும் மூன்றாவது தீர்ப்பு அன்று. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்ற அனுமானம் தம்பிக்கு முழுமையாகத் திரும்பி வந்துவிட்டது. 'மரியாதையான விடுதலை' என்றொரு சொல் பேச்சில் அடிபடும். அரசுப் பணியாளரை வேலையில் திரும்பச் சேர்ப்பதா என்ற கேள்வியில்தான் அதற்கு வேலை இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் அறியாத சொல் அது என்று 2012-இல் ஒரு தமிழ்நாட்டுக் காவலரின் வழக்கில் உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டிருக்கிறது. டிராக்டர் ஓட்டுகிறவருக்கு அது தேவையே இல்லை. அண்ணா பிறந்தநாளில் வெளியே வருகிறவர்கள் தண்டனையில் மீதியை அரசு தள்ளுபடி செய்ததால் வருகிறவர்கள். அவர்கள் மீதான குற்றத் தீர்ப்பு அப்படியே நிற்கும். தம்பியின் வழக்கில் அழிந்துபோனது அந்தக் குற்றத் தீர்ப்பேதான். இந்த வேறுபாட்டை ஊரில் மெனக்கெட்டு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் ஒருவர் தயங்கினால் அது தெருவில் பத்துப் பேரின் ஐயமாகிவிடும்.

மறுபடியும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அம்மா அஞ்சுவதாக எழுதியிருந்தீர்கள். அரசு மறுஆய்வு மனு போடுவதற்கான 30 நாள் கடந்துவிட்டது. ஒரே குற்றத்துக்காக ஒருவரை இரண்டாம் முறை விசாரித்துத் தண்டிக்க அரசமைப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இடம் தராது. அம்மா நிம்மதியாக உறங்கலாம்.

நீங்கள் அனுப்பிய தீர்ப்பின் பக்கங்களைப் படித்தேன். வியப்பு எதுவும் ஏற்படவில்லை. நேரில் பார்த்த சாட்சி இல்லாத கொலை வழக்குகள் நம் மாவட்டங்களில் பெரும்பாலும் இரண்டு கால்களில் நிற்கும்: இறந்தவரோடு கடைசியாகக் காணப்பட்டவர் இவர் என்பது ஒன்று, இவர் தாமாகவே கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பது மற்றொன்று. காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது என்பதால் இந்த ஏற்பாடு. கொலை செய்தவனுக்கு முதலில் நினைவுக்கு வருவது கிராம நிர்வாக அலுவலர் வீடுதான் என்று எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் ஒரு பழைய நகைச்சுவை உண்டு. சந்தர்ப்ப சாட்சியங்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைந்து, குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது என்ற இடத்துக்குக் கொண்டு போக வேண்டும். 'செய்திருக்கலாம்' என்பது போதாது. உச்ச நீதிமன்றம் 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் இதைத் தெளிவாக வகுத்தது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் உங்கள் தம்பி தண்டிக்கப்பட்டார் என்பதுதான் வருத்தத்துக்குரியது.

இனி இழப்பீடு. தவறாகத் தண்டிக்கப்பட்டவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தரும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஜப்பானில் நாளொன்றுக்கு 12,500 யென் வரை என்று சட்டமே சொல்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சிறையில் கழிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 80,000 டாலர். நம் சட்ட ஆணையம் 2018 ஆகஸ்டில் தன் 277-ஆம் அறிக்கையில், தவறான வழக்குகளுக்கு இழப்பீடு வழங்கச் சிறப்பு நீதிமன்றங்களும் தனிச் சட்டமும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் வரவில்லை. நடைமுறைச் சட்டத்தில் இருப்பது, காரணமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தவரிடமிருந்து 1,000 ரூபாய் வரை வாங்கித் தரும் ஒரு பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்தத் தொகை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. 

ஆகவே எஞ்சியிருப்பது நீதிமன்றங்களின் மனம். அது சில நேரம் திறந்திருக்கிறது. 1968-இல் விடுதலை செய்யப்பட்ட பின்னும் 14 ஆண்டுகள் பீகார் சிறையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ருதுல் ஷாவுக்கு 1983-இல் மொத்தம் 35,000 ரூபாய் கிடைத்தது; உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் உறுதி தரும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவை மீறினால் அரசு பணமாக ஈடு தர வேண்டும் என்ற கொள்கை அந்த வழக்கிலிருந்துதான் வளர்ந்தது. மகாராஷ்டிரத்தில் மரண தண்டனை பெற்று, மொத்தம் 16 ஆண்டுகள் சிறையில் கழித்த பிறகு நிரபராதிகள் என்று 2019-இல் விடுவிக்கப்பட்ட ஆறு பேருக்கு, நாடோடிப் பழங்குடியினரான அவர்களுடைய மறுவாழ்வுக்கென்று, தலைக்கு ஐந்து லட்சம் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணன் சிறையில் இருந்தது நாள்கணக்கில்தான், அவர் தண்டிக்கப்படவும் இல்லை. ஆனாலும் அவருக்கு 2018-இல் 50 லட்சம் கிடைத்தது. வேறு சில நேரங்களில் அதே கதவு மூடியிருக்கிறது. அக்சர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் 2014-இல் விடுதலையானவர்கள் கேட்ட இழப்பீட்டை 2016-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. தேனி மாவட்டம் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்தவரை 2025 ஜூலையில் விடுவித்தபோது, இத்தகையவர்களுக்கு இழப்பீடு தருவது பற்றிச் சட்டமன்றங்கள் யோசிக்கட்டும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அண்ணன் பேசும் ஒரு கோடியை நம்பி எந்தக் கடனும் வாங்கிவிடாதீர்கள். ஆனால் ஒரு நாள்கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை உடனே மனத்தில் கொள்ளுங்கள். வேண்டுமென்றே பொய் வழக்குத் தொடர்ந்ததற்காகச் சிவில் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்பதற்குக் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம், விடுதலையான நாளிலிருந்து ஓராண்டு மட்டுமே. நான்கு மாதம் போய்விட்டது. அரசையும் அதிகாரிகளையும் எதிர்த்து வழக்குப் போடுமுன் இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும்; அந்த இரண்டு மாதம் ஓராண்டில் சேராது என்றாலும் கடைசி வாரம் வரை காத்திருக்கக் கூடாது. அந்த வழக்கில் விடுதலைத் தீர்ப்பைக் காட்டினால் மட்டும் போதாது. நியாயமான காரணமே இல்லாமல், உள்நோக்கத்தோடு வழக்குத் தொடர்ந்தார்கள் என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும். தம்பியின் தீர்ப்பில் நீதிமன்றம் சாட்சியம் போதவில்லை என்று சொன்ன இடங்களே அதிகம். ஆனால் கத்தி கைப்பற்றிய மகஜர், அதாவது பொருளை எடுத்த இடத்திலேயே எழுத வேண்டிய பதிவு, பற்றிய பத்தியில், அது காவல் நிலையத்திலேயே எழுதப்பட்டிருக்கலாம் என்ற பொருள்படச் சில வரிகள் இருக்கின்றன. வழக்குக்கு உயிர் இருந்தால் அந்த வரிகளில்தான் இருக்கிறது. அவற்றை வைத்து மதுரைக் கிளையில், அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று நேரடியாக முறையிடும் ரிட் மனுப் போடுவதுதான் சிவில் வழக்கைவிடப் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. (உங்கள் ஊர் எல்லைக்கு அப்பால் திருவாரூர் மாவட்டத்தில் இருந்து, வழக்கும் அங்கே நடந்திருந்தால் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும், ஒரு வாய்க்காலின் இந்தக் கரைக்கு மதுரை, அந்தக் கரைக்குச் சென்னை என்று டெல்டா பிரிந்து கிடக்கிறது.)

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, இதே போல் விடுதலையான ஒருவருக்காக மிகுந்த ஆவேசத்தோடு இழப்பீட்டு வழக்குத் தாக்கல் செய்தேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் அதே நீதிமன்ற வளாகத்துக்கு வந்து, தன்னை விலங்கிட்டு அழைத்துவந்து உட்கார வைத்த அதே மரத்தடியில் காத்திருக்க நேர்ந்தது. நான்காவது வாய்தாவில் அவர் வரவில்லை. பிறகு வரவே இல்லை. வழக்கு ஆஜராகாத காரணத்தால் தள்ளுபடியானது. அவருக்கு அந்த வழக்கு வேண்டுமா என்று நான் கேட்டதே இல்லை, அவருடைய குடும்பத்தாரிடம்தான் கேட்டிருந்தேன் என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. ரிட் மனு என்றால் தம்பி நேரில் வர வேண்டிய தேவை அநேகமாக இருக்காது. எதுவானாலும் கையெழுத்துக் கேட்பதற்கு முன்பு அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள்.

அடுத்துத் தாள்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல்கள் மூன்று வாங்கி, ஒன்றைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழில் மொழிபெயர்த்துத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது; இது அதில் இருக்கிறதா என்று இ-சேவை மையத்தில் பார்க்கச் சொல்லுங்கள், ஊரில் காட்டுவதற்கு அதுவே நல்லது. விசாரணை நீதிமன்றத்தில் கட்டிய அபராதத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போடலாம். சிறையில் செய்த வேலைக்கான கூலியில் மீதி ஏதும் கணக்கில் நிற்கிறதா என்று சிறை அலுவலகத்தில் எழுதிக் கேட்க வேண்டும். பழைய வங்கிக் கணக்கு பத்தாண்டுகளுக்கு மேல் இயங்காமல் கிடந்திருந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போயிருக்கும். அது தொலைந்துவிடாது, அதே வங்கிக் கிளையில் அடையாளச் சான்றோடு கேட்டால் திரும்பக் கிடைக்கும். குடும்ப அட்டையிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயர் நீங்கியிருந்தால் சேர்க்க வேண்டும். சிறையில் இருக்கும்போதுதான் வாக்களிக்க முடியாது, வெளியே வந்தபின் எந்தத் தடையும் இல்லை. ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆனதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். இதை மட்டும் நீங்களாக அவசரப்படுத்தாதீர்கள்.

காவல் நிலையத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொலை வழக்கில் தண்டனை பெற்றவர் என்று அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்திருந்தால், தேர்தல் வந்தாலும் கோயில் திருவிழா வந்தாலும் ஆள் அனுப்பி அழைப்பார்கள். தீர்ப்பின் நகலை இணைத்து, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் மனு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் பழைய தண்டனைத் தீர்ப்பு வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். விடுதலையான ஒருவர் தம் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கக் கேட்டதை மதுரைக் கிளையின் தனி நீதிபதி 2021-இல் மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. இப்போதைக்கு அந்த வழியில் செலவு செய்ய வேண்டாம்.

நிலம் பற்றி ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள், ஆனால் அந்த வரியில்தான் உங்கள் கை நடுங்கியிருக்கிறது. அப்பா இறந்தபின் மூன்று மா நிலத்தையும் அண்ணனே சாகுபடி செய்கிறார். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் அனுபவித்தால் அவருக்கே சொந்தம் என்று யாரோ சொன்னார்களாம். கூட்டு வாரிசுகளுக்குள் அப்படி இல்லை. ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டம் கொள்ளும்; உனக்குப் பங்கில்லை என்று வெளிப்படையாக மறுத்து வெளியேற்றியதை நிரூபித்தால்தான் வேறு பேச்சு. வாரிசுச் சான்றிதழில் தம்பியின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்குச் செலவு முழுவதையும் அண்ணன்தான் தாங்கினார் என்பதையும் மறக்க வேண்டாம். இதை இந்தப் போகத்திலேயே பேசித் தீர்க்க வேண்டிய அவசரம் இல்லை.

தம்பியின் மௌனத்துக்கு வருகிறேன். ஜப்பானில் இவாவோ ஹகமதா 1966-இல் கைதாகி, மரண தண்டனைக் கைதியாகப் பல பத்தாண்டுகள் இருந்து, 2014-இல் வெளியே வந்து, 2024-இல்தான் நிரபராதி என்று அறிவிக்கப்பட்டார். வெளியே வந்தபின் வீட்டுக்குள்ளேயே மணிக்கணக்கில் நடந்துகொண்டிருந்தார். அவருக்காகப் போராடிய அக்கா ஹிதேகோ அவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். தீர்ப்பு வந்தபோது அக்காவுக்கு வயது 91. நீங்களும் அக்கா என்பதால் இதை எழுதத் தோன்றியது. மாலையிலேயே சோறு வாங்கிக்கொண்டு அடைபட்டவர் ஆறு மணிக்குச் சாப்பிடுவது நோய் அன்று. அந்த நேரத்துக்கே சாப்பாடு போடுங்கள். கொல்லைக்குப் போகக் கேட்டால், "போய்ட்டு வா" என்று அனுமதி தருவதுபோல் சொல்லாமல் வேறு ஏதாவது பேசுங்கள். இரவில் வாசல் கதவைப் பூட்டினால் சாவியை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். தூக்கமின்மையோ, பதறி எழுவதோ தொடர்ந்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். அவர் வர மறுத்தால் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், முதலில் நீங்கள் பேசினாலும் வழி சொல்வார்கள்.

திருப்பூர் இப்போது வேண்டாம். பனியன் நிறுவன விடுதியில் நேரத்துக்கு மணி அடித்து, வருகை எடுத்து, பலரோடு ஒரே கூடத்தில் படுக்க வைப்பார்கள். அவர் எதிலிருந்து வந்தாரோ அதன் சாயல் அதில் இருக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் உங்கள் வாய்க்காலுக்கு வரும்போது, இரவில் மடை பார்க்கும் வேலை இருக்கும். ஆள் கூட்டம் இல்லாத, யாரும் கேள்வி கேட்காத, நிலத்தில் தானே முடிவெடுக்க வேண்டிய வேலை அது. அண்ணன் அதை அவரிடம் விட்டுப் பார்க்கட்டும்.

கடைசியாக, அவர் பேசும் அந்த இன்னொரு சிறைவாசி. அவர் நிரபராதியா என்பது எனக்குத் தெரியாது. உங்கள் தம்பிக்குத் தெரிந்திருக்கலாம். நியூயார்க்கில் 1992-இல் இரண்டு வழக்கறிஞர்கள் தொடங்கிய இன்னசன்ஸ் புராஜெக்ட், மரபணுச் சோதனையைக் கொண்டு பலரை மீட்டிருக்கிறது. இங்கிலாந்தில் முடிந்துபோன வழக்குகளை மறுபடி ஆராயச் சட்டப்படியான ஆணையமே 1997 முதல் இயங்குகிறது. நம்மிடம் அப்படி ஓர் அமைப்பு இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றவருக்கு மறுஆய்வு மனு, அதுவும் தோற்றால் 'கியூரேட்டிவ்' எனப்படும் குறைதீர் மனு என்ற இரண்டு குறுகிய வாயில்களும், குற்றமற்றவர் என்று சொல்லாத ஒரு மன்னிப்பும்தான் மீதி. ஆனால் நீங்கள் எழுதியபடி அவர் உயர் நீதிமன்றத்துக்கு மேல் போகவே இல்லை என்றால் வழி அகலமாகவே இருக்கிறது. சிறையில் இருக்கும் எவருக்கும், வருமானம் எதுவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் உண்டு. சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு மனு அனுப்பலாம்; தாமதத்தை மன்னிக்கும்படி அதோடு ஒரு மனுவும் சேரும். 15100 என்ற எண்ணில் அழைத்தாலும், தஞ்சாவூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்தாலும் அவர்கள் சிறைக்குத் தகவல் அனுப்பி வழக்கறிஞரைச் சந்திக்கச் செய்வார்கள். அந்தச் சிறைவாசியின் பெயர், சிறை எண், வழக்கு எண், தண்டனை பெற்ற நீதிமன்றம், மேல்முறையீடு தள்ளுபடியான ஆண்டு ஆகியவை மனுவில் இருந்தால் போதும். அவ்வளவும் தம்பிக்கு மனப்பாடமாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் அவர் அருகில் வைத்துவிட்டு, அந்த மனுவை அவரே தம் கையால் எழுத விடுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்த வேண்டாம்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து உங்கள் வழக்கறிஞர்